குட்டிக் கம்பி இல்லாத ஜிம்னி

“போர் வீல் வாங்கி எங்கப்பா ஓட்டப்போற? துவாஸ்ல கிளம்புனா சாங்கில கடல் வந்துரும்.”

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் சுசுகி ஜிம்னி வாங்கப்போகிறேன் என்றதும், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் ஏழாம் மாடி அண்ணன் கேட்டார். இங்கேயே பிறந்து முப்பது வருடம் லாரி ஓட்டியவர். என்னிடம் பதில் இல்லை. மேற்கே துவாஸிலிருந்து கிழக்கே சாங்கி வரை தீவின் நீளமே 50 கிலோமீட்டர் சொச்சம். விரைவுச்சாலையிலும் 90-ஐத் தாண்டக் கூடாது. சேறு பார்க்க வேண்டுமென்றால் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் போடிக்காரன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து போடிமெட்டு ஏறி வளர்ந்தவன். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கும். மழையில் தோட்டப் பாதை சேறானால் மாமா அதைப் பிடித்து இழுப்பார், முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வண்டி ஒருதரம் முனகிவிட்டு ஏறும். அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

சிங்கப்பூர் வந்து பதினோரு வருடம். வந்த புதிதில் 50 கேள்விக்குக் குறைந்தது 45 சரியாக எழுதும் அந்தத் தேர்வை முடித்து ஊர் லைசென்ஸை மாற்றி வைத்ததோடு சரி. எம்ஆர்டி ரயில் ஓடும் ஊரில் காருக்கு என்ன அவசரம்? போன வருடம் அம்மா வந்திருந்தபோது, “இந்த ஊர்ல மலையே இல்லையாடா?” என்று கேட்டார். புக்கித் தீமாவுக்குக் கூட்டிப்போனேன். உயரம் 163 மீட்டர். உச்சியில் நின்று, “சரி, மலை எங்க?” என்றார். மலேசியாவின் கேமரன் மலைக்குச் சொந்த வண்டியில் போக வேண்டும் என்ற பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

பழைய வண்டி என்றால் ஊரில் கிலோமீட்டரையும் இன்ஜினையும் பார்ப்போம். இங்கே முதலில் பார்ப்பது சிஓஇ எந்த மாதம் முடிகிறது என்பதை. 1990-லிருந்து உள்ள ஏற்பாடு: சாலையில் வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமை. சின்ன வண்டிகளுக்கான ஏ பிரிவே 2023 அக்டோபரில் 1,06,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டது. பத்து வருடம் முடிந்ததும் முந்தைய மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். பத்து வருடத்துக்கு முழுத் தொகை, ஐந்து வருடத்துக்குப் பாதி. ஆனால் ஐந்துக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் பரிசோதனை, சாலை வரியிலும் கூடுதல் சுமை.

நான் பார்த்தது 2014-ல் பதிவான சுசுகி ஜிம்னி, 1.3 லிட்டர், ஆட்டோ கியர். சிஓஇ ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தது; மிச்சம் 42 மாதம். விலை 42,000 வெள்ளி. “மாசம் ஆயிரம். அப்புறம் ஸ்கிராப்” என்று கணக்கை முடித்தார் அண்ணன். என் மனைவி வேறு கணக்குப் போட்டாள். “ஏங்க, கேமரன் போக பஸ்ஸுக்கு எவ்வளவு?”

வண்டியைப் பார்க்கப் போனதும் முதல் ஏமாற்றம்: குட்டிக் கம்பி இல்லை. டேஷ்போர்டில் மூன்று பட்டன்கள்தான். விற்பவரோ, “போர் வீல் எல்லாம் ஓகே, நான் ஒரு தடவைகூட போட்டதில்ல” என்றார். எனக்கு அதுதான் பயம். இந்த மாடலில் முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டுவது வேக்குவம், அதாவது குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் இழுப்பு. ரப்பர் குழாய் எங்காவது வெடித்திருந்தால் விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பூட்டாது. காலியான கார் பார்க்கில் பட்டனை அமுக்கினேன். விளக்கு நின்று எரிந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நடை வேகத்தில் நகர்த்தினேன். டயர் கிறீச்சிட்டது, வண்டி நொண்டியது. விற்பவர் முகம் வெளுத்துவிட்டது. நொண்டினால்தான் நல்லது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கிடப்பதால் காய்ந்த தாரில் மல்லுக்கட்டும். அதனால்தான் தார் ரோட்டில் போர் வீல் போடக் கூடாது. உடனே பட்டனை அமுக்கிச் சாதாரண ஓட்டத்துக்கு மாற்றினேன்.

கிங்பின்னை, அதாவது முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சை, பார்க்காமல் வண்டியை வாங்கியது என் மடத்தனம்.

கேமரனுக்குக் கிளம்பிய முதல் பயணம் மலேசியாவின் யோங் பெங்கிலேயே முடிந்தது. மச்சாப் தாண்டி 90-ல் போகும்போது ரோட்டில் ஒரு இணைப்பில் வண்டி ஏறி இறங்கியது. ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. கையில் பிடித்திருப்பது உயிருள்ள ஆடு போலத் துள்ளியது. பின்னால் பிள்ளைகள் அலற, 50-க்கு இறங்கியதும் எதுவும் நடக்காதது போல் நின்றுவிட்டது. மெதுவாக யோங் பெங் வரை போய், சாப்பிட்டுவிட்டு, இடது ஓரமாகவே சிங்கப்பூர் வந்து சேர்ந்தோம். சின் மிங் பட்டறையில் ஒரு சீன அங்கிள் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். வளையத்தைச் சுற்றி கிரீஸ் கசிந்து கறுத்திருந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு கிங்பின் பேரிங், சீல் எல்லாம் மாற்றி 900 வெள்ளி. “பிரதர், வாங்குறதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கணும்” என்றார். சரிதான்.

இரண்டாவது முறை டிசம்பரில் கிளம்பினோம். எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் டேங்க் முக்கால் நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஜிம்னிக்கு மொத்தமே 40 லிட்டர், ஆக 30. மலேசியாவில் வெளிநாட்டு வண்டிக்கு ரான்95 பெட்ரோல் கிடையாது, ரான்97தான். 2025 ஜூலையிலிருந்து விஇபி என்ற வெளிநாட்டு வண்டி நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். பழைய உரிமையாளர் ஒட்டியது நமக்கு உதவாது, நம் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும்.

தாப்பா வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். உண்மையைச் சொல்கிறேன்: நெடுந்தூரத்துக்கு இது ஏற்ற வண்டியே இல்லை. 110 அனுமதி உள்ள சாலையில் 95-க்கு மேல் போனால் இன்ஜின் கத்துகிறது, காற்று தள்ளுகிறது, பாட்டு கேட்கவில்லை. பின் சீட்டை நிமிர்த்தினால் பெட்டிக்கு இடமில்லை. லாரிக்காரர்கூட முந்திப் போகிறார். இதே காசுக்கு நல்ல செடான் கிடைத்திருக்கும்.

ஆனால் தாப்பாவில் பிரிந்து ரிங்லெட் பக்கம் ஏறத் தொடங்கியதும் வண்டி வேறாகிவிட்டது. அகலம் 1.6 மீட்டர்தான், எதிரே காய்கறி லாரி வந்தாலும் ஒதுங்க இடம் இருந்தது. ரிங்லெட் தாண்டி ஒரு தமிழர் தோட்டத்துக்கு ஸ்ட்ராபெரி வாங்கப் போனோம். இரவு பெய்த மழையில் கடைசி இருநூறு மீட்டர் செம்மண் குழம்பு. நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மெதுவாகப் பலமாக இழுக்கும் போர் வீலுக்கான மூன்றாவது பட்டனை அமுக்கினேன். முனகியது. அதே முனகல்தான். ஏறியது.

மகள் எடுத்த வீடியோவைப் போடிக்கு அனுப்பினேன். மாமா இரண்டு முறை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“வண்டி நல்லாத்தான்டா ஏறுது மாப்ள. குட்டிக் கம்பியக் காணோமே?”

“பட்டன் மாமா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பட்டனா?” என்றார்.