மருந்துச் சீட்டும் கடைவாய்ப் பல்லும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் பல் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, மனநல மருந்து உட்கொள்பவர் வந்தால் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்கும் வழக்கம் படிந்துவிட்டது. கடைவாய்ப் பற்களின் முகடுகள் தேய்ந்து, எனாமலுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் தெரிந்தால், கவலையால் பல்லைக் கடிக்கிறார் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. ஆனால் மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளே சிலருக்கு, தொடங்கிய சில வாரங்களில், பற்கடிப்பை உண்டாக்குகின்றன. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை நெடுநாள் எடுத்ததால் வரும் தாடை அசைவு வேறு வகை. அது விழித்திருக்கையில் தொடர்ந்து, உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே இரவிலா பகலிலா என்று வீட்டாரிடம் கேட்பது சில வேளைகளில் எக்ஸ்ரே படத்தைவிட அதிகம் சொல்லும்.

தேய்மானத்தைவிட என்னை வருத்துவது வறட்சி. மனச்சோர்வுக்கான பழைய மருந்தான அமிட்ரிப்டிலினும், கை நடுக்கத்துக்குத் தரப்படும் ஆர்ஃபெனட்ரினும் உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாயில் அமிலம் கூடி, அதைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதை மேலேற்ற வேண்டிய உமிழ்நீரே இல்லாதவர், வறட்சிக்கு இதமாக இருக்கிறதென்று நாளெல்லாம் சர்க்கரைத் தேநீரும் குளிர்பானமும் குடிக்கும்போது, பற்கள் ஈறோரத்திலேயே சொத்தையாகின்றன. (மனச்சிதைவுக்கான க்ளோஸபின் எடுப்பவருக்கோ, இதற்கு நேர்மாறாக, இரவில் தலையணை நனைய எச்சில் ஒழுகும்.) கடுமையான மனநோய் உள்ளவர்கள் எல்லாப் பற்களையும் இழந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு என்று 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்ததில் எனக்கு வியப்பில்லை.

மனச்சிதைவு நோயுள்ள மகனை அழைத்துவந்த தாய் ஒருவர், "பல்லுக்குள்ள யாரோ தட்டுறாங்கன்னு சொல்லுவான் டாக்டர், வலின்னு நாங்க நினைக்கலையே" என்றார். கீழ்க்கடைவாய்ப் பல்லின் வேரடியில் சீழ் கட்டியிருந்தது. வலியை அந்த மகன் தம் மொழியில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நோய் பேசுகிறது என்று கேட்டவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

பற்கடிப்பிலிருந்து பல்லைக் காக்க உறங்கும்போது மாட்டிக்கொள்ளும் அக்ரிலிக் இரவுக் கவசத்தை எல்லோருக்கும் எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் பல் துலக்கவே முடியாதவருக்கு அதைக் கழுவித் தருவது யார் என்று தெரிந்த பிறகே அளவெடுப்பேன். பற்கடிப்புக்குக் காரணம் மாத்திரை என்று தோன்றினாலும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. அளவைக் குறைக்கவோ பற்கடிப்பைத் தணிக்கப் பஸ்பிரோன் என்ற மருந்தைச் சேர்க்கவோ இயலுமா என்று மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதி, மறுமொழி வரும்வரை ஃப்ளூரைடு மிகுந்த பற்பசையை மட்டும் தொடரச் சொல்கிறேன். மனநோய்க்கான மாதாந்திர ஊசிக்கு வரும் நாளிலேயே செவிலியர் வாயையும் ஒருமுறை பார்த்துவிட்டால், என்னிடம் வருபவர்களில் பலருக்குப் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலையே வராது.