குலேப்ரா போய் ஆமை பார்த்த கதை, அதாவது படகு டிக்கெட் வாங்கிய கதை

புவேர்ட்டோ ரிக்கோவுக்கு டிக்கெட் போடும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "பழைய கோட்டையெல்லாம் நீங்க பாருங்க, எனக்கு குலேப்ராவில் ஒரு நாள் வேணும்." குலேப்ரா, புவேர்ட்டோ ரிக்கோவின் பெரிய தீவுக்குக் கிழக்கே 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குட்டித் தீவு. ஊரே சுமார் 1,800 பேர்தான். கரையிலிருந்து நடந்தே இறங்கி, முகத்தைத் தண்ணீரில் வைத்தால் கடலாமை பார்க்கலாம் என்று பேர் வாங்கிய இடம். நான், மனைவி, மச்சினன், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் என நாலு பேர்.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் பகுதி. நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடா போவது போலத்தான் விமானம். எச்-1பி வேலை விசாவின் ஸ்டாம்பிங் காலாவதியாகி உட்கார்ந்திருப்பவர்களும் தாராளமாகப் போய்வரலாம். பாஸ்போர்ட்டும் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதமும் பையில் இருக்கட்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே போன பிறகு ஆசைப்பட்டுப் பக்கத்திலிருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குத் தாவினால் அது வெளிநாடு. திரும்பி வரும்போது குடிவரவு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸ் அமெரிக்காவுடையதுதான், ஆனாலும் அங்கிருந்து விமானம் ஏறும்போது சுங்கத்துறை காகிதங்களைப் பார்க்கும். குலேப்ராவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தொல்லை வேறு ரூபத்தில் வந்தது. வயசான மனுஷரைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, எதற்கு அலைச்சல் என்று பெரிய தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஃபஹார்டோவிலிருந்து கிளம்பும் ஒரு கேட்டமரான் (இரட்டை உடல் படகு) சுற்றுலாவில் இடம் போட்டிருந்தோம். சாப்பாடு, தண்ணீருக்குள் பார்க்க மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். முந்தின நாள் சாயங்காலம் கைப்பேசிக்கு ஒரு செய்தி: "நிர்வாகக் காரணங்களால் நாளைய பயணம் ரத்து." காற்றா, அலையா என்று போன் போட்டுக் கேட்டேன். வானிலை நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆள் சேரவில்லையாம். சரி, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால், வானிலையால் ரத்தானால்தான் பணம் திரும்ப வருமாம். மற்றபடி ஒரு வருடத்துக்குள் வேறு நாள் வந்து போகலாமாம். நியூ ஜெர்சியில் இருப்பவன் வேறு நாள் எப்படி வருவேன் என்று கேட்டதற்கு அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "உங்கள் கிரெடிட்டை நண்பர்களுக்கும் கொடுக்கலாம் சார்" என்றாள். எங்கு போனாலும் கேட்டமரான் பதிவு செய்யும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: ரத்து செய்வது அவர்களாக இருந்தால், காரணம் எதுவானாலும் முழுப் பணம் திரும்பி வருமா? தெளிவாக எழுதியிருக்காவிட்டால் வேறு படகு பாருங்கள்.

மிச்சமிருந்த வழி அரசாங்கப் படகு. நாங்கள் போனபோது ஒரு தடவைக்கு 2 டாலர் 25 சென்ட். அதனால்தான் அடிதடி. தீவுக்காரர்களுக்கு மளிகை, மருத்துவம், வேலை எல்லாவற்றுக்கும் இந்தப் படகுதான் வழி, எனவே அவர்களுக்கு முன்னுரிமை. அது நியாயமும்கூட. நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் மிச்ச இடத்துக்குத்தான். இணையத்தில் பார்த்தால் மறுநாள் காலைப் படகுகள் எல்லாம் தீர்ந்திருந்தன. கொஞ்சம் டிக்கெட் கவுண்டரில் கொடுப்பதற்கென்று வைத்திருப்பார்கள், விடியுமுன் போய் நின்றால் கிடைக்கும் என்று விடுதி அம்மாள் சொன்னார். கூடவே படகுத்துறைக்கு வழி காட்டும் ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார். அதில் ஃபஹார்டோ என்று போட்டிருந்தது. நல்லவேளை, மச்சினன் இரவே தேடிப் பார்த்துவிட்டான். 2018லேயே படகுத்துறையைச் செய்பா என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பழைய துண்டுத்தாள்களும் பழைய பயணக் கட்டுரைகளும் இன்னும் ஃபஹார்டோ என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம்பிப் போனால் படகைக் கோட்டை விட வேண்டியதுதான்.

தலைநகர் சான் ஹுவானிலிருந்து செய்பாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகுத்துறை இருப்பது ரூஸ்வெல்ட் ரோட்ஸ் என்ற பழைய கடற்படைத் தளத்துக்குள். 2004ல் அதை மூடிவிட்டார்கள். இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் ஆளில்லாத கட்டடங்கள், புதர் மண்டிய சாலைகள். ஒரு காபிக்கடை கிடையாது. "மாப்ளே, சரியான வழிதானா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டுவிட்டார். காபி, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் முந்தின இரவு கிளறிய புளிசாதம் ஃபாயிலில் இருந்தது. வாடகைக் காரைப் படகில் ஏற்ற வாடகை நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, எனவே காரைத் துறையிலேயே காசு கட்டி நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

வரிசையில் நின்றவுடன் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தத் தீவுக்கான வரிசை என்பதை. வியேக்கஸ் தீவுக்கும் இதே துறையிலிருந்துதான் படகு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் கவுண்டர் வரை போன பிறகுதான் அவர்கள் நின்றது குலேப்ரா வரிசை என்று தெரிந்து, பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடியது.

எங்கள் முறை வந்தது. நாலு டிக்கெட் கேட்டேன், கிடைத்துவிட்டது. திரும்பி வர என்றதும் கவுண்டர்காரர் திரையைப் பார்க்காமலே, "அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அங்கே கிடைக்காவிட்டால்? தோளைக் குலுக்கினார். பின்னால் நின்ற உள்ளூர் பாட்டி ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, இங்கேயே கேள், விடாதே என்று சைகை காட்டினார். திரும்பக் கேட்டேன். "இன்றைக்கு இல்லை." அப்போதுதான் மச்சினன் முன்னால் வந்து, டியோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் கற்ற ஸ்பானிஷில், "இடா இ வுவெல்டா, போர் ஃபவோர்" என்றான். போகவர இரண்டுக்கும் சேர்த்து என்று அர்த்தம். கவுண்டர்காரர் சிரிக்கவெல்லாம் இல்லை. ஆனால் கை தட்டச்சுப் பலகைக்குப் போனது. சாயங்காலப் படகில் நாலு இடம் வந்தது. அதுவரை இல்லாத இடம் எங்கிருந்து முளைத்தது என்று நான் கேட்கவில்லை. "அத்தான், அடுத்த மாசம் பிரீமியம் சந்தாவுக்கு நீங்கதான் காசு கட்டணும்" என்றான் மச்சினன்.

திரும்பும் டிக்கெட் கையில் இல்லாமல் தீவுக்குக் கிளம்பாதீர்கள். இதை இரண்டாவது முறையும் சொல்லலாம், தப்பில்லை.

படகு முக்கால் மணி நேரம். போகும்போது கிழக்கே போகிறோம், அங்கே வருஷம் முழுக்க வீசும் வாணிபக் காற்றும் கிழக்கிலிருந்துதான், எனவே அலையை நேராக முட்டிக்கொண்டு போகும். வரும்போது அவ்வளவு ஆட்டம் இல்லை. படகில் ஏறுவதற்கு முன்னாலேயே அவோமின் மாத்திரை போட்டுவிடுங்கள், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. கீழ்த்தளத்தில் பின்பக்கமாக உட்காருங்கள். ஏ.சி. பல்லைக் கிட்டவைக்கும், ஒரு துண்டு வெளியே இருக்கட்டும்.

தீவில் இறங்கினால் துறை வாசலிலேயே வேன்கள் நிற்கும். எல்லாம் "ஃப்ளமென்கோ, ஃப்ளமென்கோ" என்று கூவும். அது குதிரை லாடம் போல வளைந்த வெள்ளை மணல் கடற்கரை. நுழைவுக் கட்டணம் உண்டு (நாங்கள் போனபோது ஆளுக்கு 2 டாலர்), கழிப்பறை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் உண்டு. மணலில் துருப்பிடித்து, ஆளாளுக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் ராணுவ டாங்கிகள் நிற்கின்றன. அமெரிக்கக் கடற்படை இந்தத் தீவைச் சுடும் பயிற்சிக்கு வைத்திருந்தது. மக்கள் போராடிப் போராடி 1975ல்தான் பயிற்சியை நிறுத்த வைத்தார்கள். அந்தப் பக்கம் வெடிக்காத குண்டு இருக்கலாம் என்று வேலிகளில் இன்னும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஃப்ளமென்கோவிலிருந்து குறுக்கே நடந்தால் கார்லோஸ் ரொசாரியோவில் நல்ல பவளப்பாறை இருக்கிறது என்று ஆசை காட்டுவார்கள். பலகையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் போகவில்லை.

குளிக்க ஃப்ளமென்கோ, முகத்தை உள்ளே விட்டுப் பார்க்க டமரிண்டோ கடற்கரை. தீவின் மேற்குப் பக்கம் என்பதால் காற்று மறைவு, தண்ணீர் அமைதி. வேன்காரர் கொஞ்சம் யோசித்து, கூடுதலாக வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார். அங்கே கடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, நிழலும் சொற்பம். கரை முழுக்கக் கூழாங்கல்லும் உடைந்த பவளமும், வெறுங்காலில் நடக்க முடியாது.

மாஸ்க் மட்டும் ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். மனைவிக்குக் கண்ணில் பவர் அதிகம், அதனால் பவர் வைத்த மாஸ்க் வாங்கியே வந்திருந்தாள், அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் துறைப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். அதைவிடப் பெரிய பிரச்சினை மாமாவின் மீசை. நல்ல அடர்த்தியான மீசை. மாஸ்க்கின் சிலிகான் ஓரம் தோலில் ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. மீசை மேல் உட்கார்ந்தால் முடிக்கு நடுவே கசிந்து மூக்குக்குள் ஏறும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தும்மினார். "அப்பா, மேல ஓரத்தை மட்டும் கொஞ்சம் எடுத்துடலாமா?" என்று மனைவி கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கடைசியில் உதட்டுக்குப் போடும் தைலத்தை மூக்குக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மீசையின் மேல்விளிம்பில் அப்பி, மாஸ்க்கை வழக்கத்தைவிட ஒரு சுற்று மேலே ஏற்றி மாட்டினோம். கசிவு முக்கால்வாசி நின்றது. பனி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் போதும், அதற்கென்று விற்கும் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வெயிலுக்கு கிரீமை நம்பாதீர்கள், முழுக்கை உடைதான் காப்பாற்றும். மிதக்கும்போது முதுகு வெந்துவிடும். மாமா நீச்சல் உடைக்கு மறுத்து, முழுக்கைச் சட்டையைப் பட்டன் போட்டு, அதன் மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்கினார். எங்களில் வெயில் படாமல் தப்பியவர் அவர் ஒருவர்தான்.

கடலைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தப் பக்கம் 1999லிருந்து மீன்பிடிக்கத் தடையுள்ள காப்பகம். பவளம் மட்டும் வீடியோக்களில் பார்த்த மாதிரி இருக்காது, 2017 மரியா புயலும் அதற்குப் பின் வந்த பவள நோயும் நிறைய அழித்துவிட்டன. ஆமைக்குப் பவளம் தேவையில்லை, புல் போதும். ஆழமில்லாத இடத்தில் கடற்புல் படுகை மேல் அசையாமல் மிதந்தோம். மாமாதான் முதலில் பார்த்தார், என் கையைப் பிடித்து இழுத்தார். அண்டாவளவு இருக்கும் பச்சை ஆமை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு கொத்துப் புல்லைக் கடித்து இழுக்கும், மணல் புகைபோல எழும்பும், அடுத்த கொத்துக்கு நகரும். ஓட்டின் மேல் ஒட்டுமீன் ஒன்று. பிறகு நிதானமாக மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு அதே இடத்துக்கு இறங்கிற்று. மச்சினன் கேமராவோடு பக்கத்தில் போகப் பார்த்தான், மாமா அவன் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். நாம் சும்மா கிடந்தால் அதுவே பக்கத்தில் வருகிறது.

சொன்ன நேரத்துக்கு வேன் வரவில்லை. அங்கே சிக்னலும் சரியாக இல்லை. ஜீப்பில் வந்திருந்த ஒரு ஜோடி இரண்டு நடையாக எங்களைத் துறையில் கொண்டுவிட்டார்கள். திரும்பும் நேரத்தைப் படகுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். துறையில் டிக்கெட் இல்லாமல் ஒரு கூட்டமே நின்றது. நாங்கள் காகிதத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். மச்சினன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று: சாலையோரத்தில் வாங்கிய மாம்பழத்தை ஆசையாகப் பெட்டியில் வைத்திருந்தாள் மனைவி. சான் ஹுவான் விமான நிலையத்தில் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும் எல்லாப் பெட்டிகளையும் வேளாண்துறை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள், மாம்பழத்துக்கு அனுமதி இல்லை. அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கேட்டமரான் பணம் இன்னும் வரவில்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்து, "நிர்வாகக் காரணங்களால்" என்று அவர்களே அனுப்பிய செய்தியைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். கொடுக்காத சேவைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்ல அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது.