பம்புசெட்டில் முதலில் மாற்ற வேண்டியது மோட்டார் அல்ல

தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். 1990 முதல் அவற்றுக்குக் கட்டணம் இல்லை. பில் வராததால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அது இலவச யூனிட்டுக்கும் பொருந்தும்.

திறனை அளக்க 200 லிட்டர் பேரல், கைபேசி ஸ்டாப்வாட்ச், எலக்ட்ரீஷியனின் டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் கருவி) போதும். பேரல் 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம்வரை 20 மீட்டர் என்றால், அதைத் தூக்கத் தேவை 5 × 20 × 9.81 ÷ 1000, அதாவது சுமார் 1 கிலோவாட். மூன்று ஃபேஸ் மோட்டாரில் 400 வோல்ட், ஃபேஸுக்கு 7 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (மின்னோட்டத்தில் உண்மையாகப் பயன்படும் பங்கு) 0.8 என்றால் மோட்டார் இழுப்பது 1.73 × 400 × 7 × 0.8 ÷ 1000, அதாவது சுமார் 3.9 கிலோவாட். நூற்றுக்குச் சுமார் 25 பங்குதான் வேலையாகிறது. நீர்மட்டத்தை மோட்டார் அரைமணி நேரமாவது ஓடிய பிறகு அளக்க வேண்டும். ஓடாதபோது அளந்தால் உயரம் குறைத்துக் காட்டும்.

மீதி எங்கே போகிறது? மோட்டாரிலும் பம்பிலும் போவது போக, குழாயிலும் கணிசமாக. நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர், உள்விட்டம் 50 மி.மீ. குழாயில் 100 மீட்டர் ஓடினால், உராய்வு மட்டுமே சுமார் 12 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். அதே தண்ணீர் 65 மி.மீ. குழாயில் போனால் மூன்று மீட்டர் சொச்சம். விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உராய்வு குறையும் என்பதால்தான் அரை அங்குலத்துக்கு இவ்வளவு வித்தியாசம். மோட்டாருக்கு 30,000 செலவழிக்கிறவர்கள் குழாயில் மிச்சம் பிடிப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்தது ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு. துளை சிறிய, கனமான வால்வு உறிஞ்சும்போதே தடுக்கும். குழாய் திரும்பும் இடத்தில் செங்குத்தான எல்போவுக்குப் பதில் மெதுவாக வளையும் நீள பெண்டு போடுங்கள். தொட்டியின் விளிம்புக்கு மேல் இரண்டு மீட்டர் உயர்த்தித் தண்ணீரைக் கொட்டவிடுவது பார்க்க அழகு. அந்த இரண்டு மீட்டரும் தினமும் வீண். கிணற்று மோட்டார் நீர்மட்டத்துக்கு 6 மீட்டருக்குள் இருக்கட்டும்.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், எரிந்தால் கட்டுகிறவரிடம் கம்பியின் கேஜும் (தடிமனும்) சுற்றுகளும் பழையபடியே இருக்கக் கேளுங்கள். மெல்லிய கம்பி சூடாகி, அடுத்த முறை சீக்கிரம் எரியும்.

ஒரு எச்சரிக்கை. குழாயைப் பெரிதாக்கினால் தடை குறைந்து தண்ணீர் கூடும். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக்கில் ஆம்பியரும் ஏறும். பெயர்ப்பலகையில் உள்ள அளவைத் தாண்டினால் காயில் போய்விடும். மாற்றிய அன்றே டாங் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தாண்டினால் தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுவது மிச்சப்படுத்தியதைத் திருப்பிக் கொடுப்பதாகும். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைச் சிறிதாக்கலாம், அல்லது அடுத்த முறை வாங்கும்போது 5 ஹெச்.பி.க்குப் பதில் 3 ஹெச்.பி. போதுமா என்று கணக்குப் போடலாம்.

தண்ணீர் கூடினால் அதே நேரம் ஓட்டி, நிலத்தடி நீரைக் கூடுதலாக இறைக்கும் ஆபத்தும் உண்டு. பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டம் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயிக்கே கொடுத்தது. இங்கேயும் மீட்டர் வைத்து அப்படிச் செய்யலாம். அதுவரை, பேரல் நிரம்பும் நேரத்தையும் ஆம்பியரையும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எழுதி வையுங்கள். நேரம் ஏறினால் முதலில் ஃபுட் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.