பிளாஸ்க் வாங்குறப்ப மூடிய மொதல்ல பாருங்க

எனக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டுல டீ போட்டு பிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு கெளம்பிடுவேன், அத உக்காந்து குடிக்க நடுராத்திரி தாண்டி ரெண்டரைக்குதான் ஒரு பத்து நிமிஷம் கெடைக்கும். ஆறு மணி நேரம். அப்ப மூடியத் தொறந்தா ஆவி வரணும், அவ்வளவுதான் நான் எதிர்பாக்குறது. இந்த ஒண்ணுக்காக பத்து வருஷத்துல நாலு பிளாஸ்க் வாங்கிட்டேன், நாலாவதுதான் ஆறு வருஷமா கூட வருது. கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன வாரம் "அண்ணே, நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணே, அடிக்கடி மாத்த முடியல"ன்னு கேட்டான், நின்னுக்கிட்டே அவனுக்கு முழுசா சொல்ல முடியல, அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

மொதல் பிளாஸ்க் பைக்குள்ளயே ஒழுகிடுச்சு, பேப்பர் எல்லாம் நனைஞ்சு போச்சு. ரெண்டாவது, பட்டன அமுக்குனா ஊத்துற மாதிரி மூடி, பாக்க ரொம்ப வசதியா இருந்துச்சு, ஆனா அந்தப் பட்டனுக்குள்ள பால் போய் ஒட்டிக்கிட்டு புளிச்ச வாடை வர ஆரம்பிச்சுது, என்ன கழுவியும் போகல, ஏன்னா அந்த மூடியக் கழட்டவே முடியாது. மூணாவது பிளாஸ்க் படிக்கட்டுல விழுந்துச்சு, வெளிய சின்னதா ஒரு நசுங்கல்தான், ஆனா அன்னிலேர்ந்து டீ ஒரு மணி நேரத்துல ஆறிப்போக ஆரம்பிச்சுது. இந்த மூணையும் சேத்து யோசிச்சப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ஸ்டீல் உடம்பு அவ்வளவு சுலபமா தேயாது, பிளாஸ்க் வீணாப் போறது ஒண்ணு மூடியால, இல்ல ரெண்டு சுவருக்கு நடுவுல காத்தே இல்லாம வச்சிருக்குற எடம், அதாவது வேக்குவம், போறதால. நாம கடையில நின்னு பாக்குறதோ கலரையும் "24 மணி நேரம்"னு போட்டிருக்குற ஸ்டிக்கரையும்தான்.

அந்த மணிக்கணக்கப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லிடுறேன், ஏன்னா அதிகமா ஏமாறுறது இங்கதான். 24 மணி நேரம்னு பெருசா எழுதியிருக்கும், பக்கத்துலயே சின்னதா "குளிர்ச்சிக்கு"ன்னு இருக்கும், சூட்டுக்கு 12தான் போட்டிருப்பாங்க. காரணம் இருக்கு. ஐஸ் தண்ணி 0 டிகிரி, ரூம் 25 டிகிரின்னு வைங்க, வித்தியாசம் 25தான். டீய 95ல ஊத்துனா வித்தியாசம் 70. வித்தியாசம் எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகமா சூடு வெளிய ஓடும், அதோட ஐஸ் உருகி முடிக்கிற வரைக்கும் தண்ணி சூடாகாமலே இருக்கும். அதனால ஒரே பாட்டில் குளிருக்கு நல்லாவும் சூட்டுக்கு சுமாராவும் தெரியுறது சகஜம்தான்.

சரி, 12 மணி நேரம் சூடா இருக்கும்னா எவ்வளவு சூடு? 40 டிகிரியும் சூடுதான், 75ம் சூடுதான். அதனால டிகிரில எழுதியிருக்காங்களான்னு பாருங்க. ஜப்பான்ல இதுக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கு, ரூம் 20 டிகிரில இருக்கணும், தண்ணி 95ல இருக்கணும், 6 மணி நேரம் கழிச்சு எத்தன டிகிரி இருக்குன்னு அளந்து அத அட்டையிலயே போட்டுடுவாங்க. 77 டிகிரின்னு ஒரு பாட்டில்ல போட்டிருந்தா நாமளே கணக்குப் போட்டுக்கலாம். தொறக்காம வச்சா 12 மணி நேரத்துல சுமாரா 63 இருக்கும், 24 மணி நேரத்துல 45 கிட்ட வந்துடும். 45ல டீ குடிச்சா அது வெதுவெதுன்னுதான் இருக்கும். எனக்கு வேண்டிய ஆறு மணி நேரத்துக்கு 77 தாராளம். உங்களுக்கு எத்தன மணி நேரம் வேணும்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணிக்கங்க, ஸ்டிக்கர் முடிவு பண்ண வேணாம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எதப் பாத்து வாங்கணும்னு தானா வெளங்கிடும். ஜேம்ஸ் டூவர்னு ஒரு விஞ்ஞானி 1892ல லண்டன்ல இதச் செஞ்சாரு, அவருக்கு வேண்டியிருந்தது டீக்கு இல்ல, ரொம்பக் குளிரா இருக்குற திரவ வாயுக்கள் ஆவியாகாம வச்சுக்கிறதுக்கு. கண்ணாடிக்குள்ள ஒரு கண்ணாடி, நடுவுல காத்த உறிஞ்சி எடுத்துட்டாரு. காத்து இல்லன்னா சூடு கடத்தவும் ஆள் இல்ல, சுமந்துக்கிட்டுப் போகவும் ஆள் இல்ல. கதிரா போற சூட்டத் திருப்பி அனுப்ப வெள்ளிப் பூச்சு. அவர் பேட்டன்ட் வாங்கல, ஜெர்மனில ரைன்ஹோல்ட் புர்கர்ங்கிற கண்ணாடிக் கைவினைஞர் அத வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி பேட்டன்ட் வாங்கிட்டாரு, 1904லேர்ந்து தெர்மோஸ்ங்கிற பேர்ல விக்க ஆரம்பிச்சாங்க. முழுக்க ஸ்டீல்லயே செஞ்சது 1913ல, வில்லியம் ஸ்டான்லி.

கண்ணாடியா ஸ்டீலான்னு இன்னும் கேக்குறாங்க. கண்ணாடில வாடை ஏறாது, சூடும் நல்லா நிக்கும், ஏன்னா கண்ணாடி வழியா சூடு கடந்து போறது ஸ்டீல விட ரொம்பக் கம்மி. அம்மாவுக்கு ராத்திரி இருமல் வந்தா வெந்நீர் வேணும், கட்டில் பக்கத்துல அசையாம நிக்கிற பிளாஸ்க் அது, அங்க கண்ணாடி வச்சிருக்கேன், இத்தன வருஷமா நல்லாதான் இருக்கு. ஆனா பையில போட்டுத் தூக்கிட்டு அலையுறதுக்கு கண்ணாடி ஆகவே ஆகாது, ஸ்டீல்தான்.

வேக்குவம் சுத்தி இருந்தாலும் ஒரு எடத்துல உள் சுவரும் வெளிச் சுவரும் சேந்துதான் ஆகணும், அதான் கழுத்து. சூடு அந்தக் கழுத்து வழியாவும் மூடி வழியாவும்தான் அதிகமா தப்பிக்குது. வாய் அகலமா இருந்தா கைய விட்டுக் கழுவலாம், ஆனா சூடு சீக்கிரம் போகும். வாய் ரொம்பக் குறுகலா இருந்தா சூடு நிக்கும், கழுவ பிரஷ் வேணும். டீ காபிக்கு நடுத்தரமான வாயும் நீள பிரஷ்ஷும்தான் எனக்கு சரிப்பட்டு வந்துச்சு.

இப்ப மூடி. கடையில கையில எடுத்த உடனே மூடியக் கழட்டிப் பாருங்க. மூடி கனமா, உள்ள பஞ்சு மாதிரி ஏதாவது அடைச்சோ காத்து இடைவெளி விட்டோ இருக்கா, இல்ல ஒத்த பிளாஸ்டிக் தட்டு மாதிரி மெல்லிசா இருக்கா? அந்த சிலிகான் வாஷர நகத்தால நெம்பிக் கழட்ட முடியுதா? திரும்பப் போட்டா சரியா உக்காருதா? எல்லாத்துக்கும் மேல, இந்த வாஷரும் மூடியும் தனியா கெடைக்குமான்னு கேளுங்க, கெடைக்காதுன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க. என்னோட நாலாவது பிளாஸ்க் இன்னும் உயிரோட இருக்குன்னா அதுக்கு ரெண்டு தடவ வாஷர் மாத்துனது மட்டும்தான் காரணம். பட்டன், ஸ்ட்ரா, ஸ்பிரிங்னு பாகம் கூடக்கூட ஒழுகுற எடமும் அழுக்குத் தங்குற எடமும் கூடிக்கிட்டே போகும். வேற ஒண்ணும் இல்லாம திருகி மூடுற மூடி, அதுக்கு மேல கப்பா கவுக்குற இன்னொரு மூடி, இதுதான் என் தேர்வு. பட்டன் மூடிதான் வேணும்னா லாக் இருக்கணும், உள்ள ஆவி அழுத்தமா இருக்குறப்ப பைக்குள்ளயே தொறந்துக்கிட்டா யார் கையாவது வெந்துடும்.

ஸ்டீலுக்கு வருவோம். உள்பக்கம் 18/8 இல்ல 304ன்னு போட்டிருக்கணும், ரெண்டும் ஒண்ணுதான், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316ன்னா மாலிப்டினம்ங்கிற இன்னொரு உலோகமும் சேந்திருக்கும், உப்புக்கு இன்னும் நல்லா தாங்கும், சூப்பு கஞ்சின்னு உப்பு போட்டது எடுத்துட்டுப் போறவங்களுக்கு நல்லது, வெறும் டீ காபிக்கு 304 போதும். 201ன்னு ஒண்ணு இருக்கு, நிக்கலக் கொறச்சு மாங்கனீஸ் சேத்தது, வெல கம்மி, துரு சீக்கிரம் புடிக்கும். காந்தம் வச்சு ஒட்டலன்னா நல்ல ஸ்டீல்னு நெறைய பேர் சொல்றாங்க, அத நம்பாதீங்க, 201ம் காந்தத்துல ஒட்டாது, அதே நேரம் நல்ல 304 கூட வளைச்ச எடத்துல லேசா ஒட்டும். எண் பொறிச்சிருக்கான்னு பாக்குறதுதான் வழி. ரொம்ப லேசா இருக்குற பாட்டில்ல சுவர் மெல்லிசா இருக்கும், தூக்க சுகமா இருக்கும், விழுந்தா சீக்கிரம் நசுங்கும். நசுங்கி உள் சுவரும் வெளிச் சுவரும் தொட்டுக்கிட்டாலே போச்சு, அந்த எடத்துல சூடு நேரா வெளிய வந்துடும். என் மூணாவதுக்கு அதுதான் நடந்துச்சுன்னு நெனைக்கிறேன்.

அடிப்பக்கத்தையும் பாருங்க. வேக்குவம் அடைக்கிற எடம் பெரும்பாலும் அடியிலதான் இருக்கும், மேல ஒரு தட்டு வச்சு மூடியிருப்பாங்க. சில தயாரிப்புல அந்த எடத்த ஈயம் கலந்த சால்டரால, அதாவது உருக்கி ஒட்டுற உலோகத்தால, அடைச்சிருப்பாங்க, அது டீயத் தொடாது, பயப்பட வேணாம், ஆனா அந்த அடித்தட்டு கழண்டு வந்துட்டா அந்த பாட்டில அதோட நிறுத்திடுங்க, முக்கியமா குழந்தைங்க கையில குடுக்காதீங்க. அடியில ஒரு சிலிகான் உறை மாட்டிட்டா கீழ வைக்கிறப்ப அடிபடாது, நான் மாட்டியிருக்கேன்.

அளவு விஷயத்துல எல்லாரும் பெருசா வாங்கிடுறாங்க. பெரிய பாட்டில்ல சூடு அதிக நேரம் நிக்கும்ங்கிறது உண்மைதான், ஆனா அது நெறைச்சு வச்சாதான். ஒரு லிட்டர் பாட்டில்ல கால்வாசி டீ ஊத்துனா நெறைச்ச அரை லிட்டர் பாட்டில விட சீக்கிரம் ஆறிடும். நெஜமா எவ்வளவு குடிப்பீங்களோ அந்த அளவு வாங்குங்க. ஊத்துறதுக்கு முன்னாடி கொதிச்ச தண்ணிய ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வச்சுட்டுக் கொட்டிட்டு அப்புறம் டீ ஊத்துங்க, இல்லன்னா அந்தக் குளிர்ந்த ஸ்டீலே டீயோட சூட்டக் கொஞ்சம் குடிச்சுடும். செலவே இல்லாத விஷயம், நெறைய பேர் செய்யறதில்ல.

பால் டீக்காரங்க ஒண்ண மட்டும் மனசுல வைங்க. 60 டிகிரிக்குக் கீழ வந்தா கிருமி பெருக ஆரம்பிக்கும், கொதிக்க வச்சாலும் சாகாத விதை மாதிரி உருவத்துல இருக்குற கிருமியும் உண்டு. மத்தியானம் மிச்சமானத ராத்திரிக்குன்னு வைக்காதீங்க. பால மூடி வச்சு மறந்துட்டா கெட்டுப்போய் உள்ள வாயு சேந்து மூடி தெறிக்கக்கூட செய்யும். நீண்ட நேரத்துக்குன்னா கடுங்காபி, வெறும் டீ, வெந்நீர் எடுத்துட்டுப் போங்க, பால் வேணும்னா தனியா. இன்னொரு பக்கம், ரொம்ப சூடாவும் குடிக்காதீங்க. 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிறது உணவுக்குழாய்ல புற்றுநோய் வர வைக்கலாம்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016ல சொல்லியிருக்கு. நல்ல பிளாஸ்க்ல ஆறு மணி நேரம் கழிச்சும் 75க்கு மேல இருக்கும்னு மேல பாத்தோம்ல, அதனால வாய வச்சு நேரா குடிக்காம கப்புல ஊத்தி கொஞ்சம் ஆற விட்டுக் குடிங்க. கப் மூடி வேணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கழுவுறதுக்கு சோடா உப்பும் வெந்நீரும் போதும், உப்புக்கறை படிஞ்சிருந்தா சிட்ரிக் ஆசிட். ஊற வைக்கிறப்ப மூடியத் திருகாதீங்க, வாயு அழுத்தும். ப்ளீச்சும் கம்பி நாரும் வேணவே வேணாம். வாரம் ஒரு தடவ வாஷரக் கழட்டிக் கழுவி, எல்லாம் நல்லா காஞ்ச பிறகு மாட்டி, மூடாம வைங்க.

அந்தத் தம்பிக்கு அரை லிட்டர்னு சொல்லியிருக்கேன். வாங்குன அன்னிக்கே கொதிச்ச தண்ணி ஊத்தி மூடி அஞ்சு நிமிஷம் கழிச்சு உடம்ப சுத்தித் தொட்டுப் பாரு, கழுத்துக்கிட்ட லேசா சூடு இருந்தா பரவால்ல, நடுவுலயோ அடியிலயோ சுட்டா வேக்குவம் இல்லன்னு அர்த்தம், அப்புறம் கவுத்து வச்சு ஒரு பேப்பர் மேல கால் மணி நேரம் விட்டு ஒழுகுதான்னு பாரு, ரெண்டுல ஒண்ணு தப்புன்னாலும் மறுநாளே கொண்டுபோய் மாத்திட்டு வா, அது வரைக்கும் பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதன்னு சொல்லி வச்சிருக்கேன்.