மின்னஞ்சலில் ஒளிந்திருக்கும் ஃபில்டர்

அடையாளத் திருட்டுப் புகார்களைக் கையாளும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தாலே ஒன்று பிடிபட்டுவிடும். பணம் போவது கடைசிக் கட்டம். அதற்கு வெகுநாள் முன்பே வேறொன்று கைமாறியிருக்கும், பெரும்பாலும் மின்னஞ்சல். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் பெரும்பாலான சேவைகளில் புது லிங்க் அங்கேதான் போய் விழுகிறது. வங்கிக் கணக்குக்குக் கடினமான பாஸ்வேர்டும் மின்னஞ்சலுக்குப் பிறந்த தேதியும் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகப் போனவர்கள் சில நாளிலேயே திரும்பி வருவதுண்டு. காரணம், உள்ளே நுழைந்தவர் போட்டுவிட்டுப் போன ஃபில்டர், அதாவது வரும் கடிதங்களைத் தானாகக் கையாளும் விதி. வங்கியின் பெயர் உள்ள கடிதம் வந்தால் வேறு முகவரிக்கு அனுப்பு, படித்ததாகக் குறியிடு, இன்பாக்ஸில் காட்டாதே என்று அதில் எழுதியிருக்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். உரியவருக்கோ எச்சரிக்கைக் கடிதம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எனவே, சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொரு கருவியிலிருந்து முதலில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங், மீட்பு எண், மீட்பு முகவரி, அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் என ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தெரியாதது எது இருந்தாலும் நீக்குங்கள். வங்கிக்கு உடனே போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் வங்கி பாஸ்வேர்டை மாற்றுவது மின்னஞ்சலைச் சுத்தம் செய்த பிறகுதான்.

அடுத்தது தொலைபேசி எண். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி உங்கள் கையிலுள்ள போனுக்கு உரியதல்ல, எண்ணுக்கு உரியது. உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபியும் அவரிடம் போய்விடும். அருகில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென 'சேவை இல்லை' என்று வந்தால் காத்திருக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து நிறுவனத்தை அழையுங்கள். சிம் பின் (சிம்மைத் திறக்கக் கேட்கும் ரகசிய எண்) போட்டிருக்கிறேனே என்று சிலர் கேட்பார்கள். களவுபோன சிம்மை இன்னொரு போனில் செருகிப் பயன்படுத்துவதைத்தான் அது தடுக்கும், மாற்று சிம் வாங்குவதைத் தடுக்காது. அதற்கு நிறுவனத்திடமே தனிப் பூட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

முடிந்த இடத்திலெல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், ஓடிபியைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். பொதுவாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் அந்த 6 இலக்கம் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது, எண்ணோடு போகாது. அதையும் போலித் தளத்தில் நீங்களே தட்டினால், மோசடிக்காரர்கள் அந்த 30 வினாடிக்குள் உண்மைத் தளத்தில் போட்டுவிடுவார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியிலேயே இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இதைவிட உறுதியானது. தளத்தின் முகவரி பொருந்தாவிட்டால் அது வேலையே செய்யாது. போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள், அதே மின்னஞ்சலின் டிராஃப்டில் வேண்டாம்.

ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி பாஸ்வேர்டை உருவாக்கி நினைவில் வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி இருந்தால் அந்தக் கவலை இல்லை.

அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே எழுதுங்கள். ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடலாம். எழுத்து படத்தின் விளிம்பையும் எண் உள்ள வரியையும் குறுக்கே கடக்க வேண்டும், முகமும் எண்ணும் படிக்கும்படி இருக்கவும் வேண்டும். எண்ணை மறைத்து அனுப்ப வேண்டிய இடத்தில், போனில் ஹைலைட்டரைக் கறுப்பாக்கி அதன் மேல் தீட்டுவது ஆபத்து. அது முழுக்க மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வைத்தாலும் அடியிலுள்ள எழுத்தை காப்பி செய்து எடுத்துவிட முடியும்.

பலர் வெட்கப்பட்டே புகாரைத் தள்ளிப்போடுகிறார்கள். நன்றாக விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். வெட்கத்தில் கழியும் நேரம் முழுவதும் திருடியவருக்குத்தான் லாபம். உடனே புகார் கொடுத்து, பேசிய தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரே நோட்டில் குறியுங்கள். உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருந்தால், 'மூடிவிட்டோம்' என்று போனில் சொல்வதோடு விடாதீர்கள். அந்தக் கணக்கு மோசடியாகத் திறக்கப்பட்டது, இவர் பொறுப்பல்ல என்று எழுத்தில் வாங்குங்கள். வராக்கடனை நிறுவனங்கள் வேறொருவருக்கு விற்பதுண்டு. பல மாதம் கழித்து வசூலுக்கு வருபவருக்குப் பழைய போன் பேச்சு எதுவும் தெரியாது, அந்தக் கடிதத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.