விற்பதற்கு முன் வீட்டின் வாடையைக் கவனியுங்கள்

வீட்டை விற்க முடிவு செய்தவர்கள் சுவருக்கு வண்ணம் பூசுவதிலும் உடைந்த தாழ்ப்பாளை மாற்றுவதிலும் காட்டும் அக்கறையை வீட்டின் வாடையில் காட்டுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே வாடையைத் தொடர்ந்து நுகரும் மூக்கு சிறிது நேரத்திலேயே அதற்குப் பழகிவிடுவதால், தம் வீட்டுக்குள் என்ன வாடை வீசுகிறது என்பது குடியிருப்பவருக்கே தெரிவதில்லை. ஆகவே அடிக்கடி வந்து போகாத, மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்து, ஒவ்வோர் அறையாக நடந்து பார்க்கச் சொல்வதே முதல் வேலை என்பேன்.

உடனே நறுமணத் தெளிப்பானை எடுப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அது வாடையைப் போக்காமல் அதன்மேல் இன்னொரு நெடியை ஏற்றுகிறது. பார்க்க வருபவருக்கோ இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. சிலருக்கு அந்த மணமே தலைவலியையும் மூச்சுத் திணறலையும் தரும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நான் முதலில் ஐயப்படுவது குளியலறைத் தரையின் வடிகாலைத்தான். அதன் குழாய் வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கிறது. பல வாரங்கள் புழங்காத அறையில் அந்த நீர் ஆவியாகிவிட, எவ்வளவு கழுவித் துடைத்தாலும் அழுகிய முட்டை நாற்றம் போகாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் நீர் வற்றுவதும் தாமதமாகும்.

ஈரப் பூஞ்சையின் வாடை இவ்வளவு எளிதில் போகாது. கசியும் குழாயையோ கூரையையோ சரிசெய்து, சுவரை நன்கு உலரவிட்டு, பூஞ்சையைச் சுரண்டி எடுக்காமல் வண்ணம் மட்டும் பூசினால் சில மாதங்களில் கறையும் வாடையும் திரும்பிவிடும். அதற்குள் வீடு கைமாறியிருக்கும் என்று எண்ணி அப்படிச் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவதே. கசிவு இருந்ததையும் அதைச் சரிசெய்ததையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புகைபிடித்த அறையின் சுவர்களில் பிசுபிசுப்பான படிவு ஒட்டியிருக்கும் என்பதால், அவற்றைக் கழுவி, கறையை அடைக்கும் பிரைமர் பூசிய பிறகே வண்ணம் பூச வேண்டும். வளர்ப்பு விலங்குகளின் சிறுநீர் ஊறிய இடத்துக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஏற்றது. திரைச்சீலை, மெத்தை, தரைவிரிப்பு ஆகியவற்றைத் துவைப்பதும் வெயிலில் போடுவதும் எல்லோரும் அறிந்தவையே. ஆனால் அவசரத்தில் பிளீச்சுடன் வினிகரையோ அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தையோ கலந்துவிடாதீர்கள். நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

புது வண்ணத்தின் நெடி அடங்கவும் நாள்கள் ஆகும் என்பதால், இவ்வேலைகளை வீட்டைக் காட்டத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிடுவது நல்லது. காட்டும் நாளன்று குப்பையை அகற்றிவிட்டு, எதிரெதிர்ச் சன்னல்களை அரை மணி நேரம் திறந்து வைத்தால் போதும்.