சின்னப் பெட்டிக்கு எந்தப் புரொசசர்? வட்டக்கச்சியில் வாட்ஸ் அளந்து பார்த்த கதை

புரொசசரின் அட்டைப்பெட்டியில் 65 வாட்ஸ் என்று இருந்தால் அது 65 வாட்ஸ்தான் இழுக்கும் என்று நம்பி யூபிஎஸ் வாங்குகிற பெடியள் எங்கட பக்கம் கனபேர். அந்த இலக்கம் பெரும்பாலும் குளிரூட்டியைத் தெரிவு செய்வதற்கான கணக்கு. ஏஎம்டியின் ரைசன் 5 7600இல் 65 என்று போட்டிருந்தாலும், அதற்குள் போக விடப்படும் மின்னின் எல்லை 88 வாட்ஸ். 105 என்று வருகிற 7600எக்ஸுக்கு அந்த எல்லை 142. இன்டெல் இரண்டு இலக்கங்களையும் வெளிப்படையாகவே தருகிறது: கோர் ஐ5 12400எஃப் என்றால் 65உம் 117உம், 14600கே என்றால் 125உம் 181உம். ஆனால் கேம் விளையாடும்போது இந்த இலக்கங்கள் ஒன்றுமே மீற்றரில் வருவதில்லை. அதனால்தான் அளந்து பார்த்தேன்.

கட்டுவது தம்பிக்கு. பத்து லீட்டர் அளவுப் பெட்டி, 17 சென்ரிமீற்றர் சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட், சின்ன எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. புரொசசருக்கு மேலே 47 மில்லிமீற்றர் உயரக் குளிரூட்டிக்குத்தான் இடம். அறையில் ஏசி இல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரத்தில்கூட சீலிங் ஃபான் சூட்டுக் காற்றைத்தான் சுற்றும்.

7600ஐக் கொழும்பில் இருந்து பஸ் பார்சலில் எடுப்பித்தேன். 14600கே வவுனியா மச்சானுடையது. 12400எஃப் கிளிநொச்சியில் வேலை செய்கிற நண்பர் ஒருவருடைய மெசினில் இருந்தது. மூன்றிலும் ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். மதர்போர்ட்டும் ராமும் வேறு வேறு என்பதால் சுவர்ச் சொக்கெற்றில் பூட்டிய மீற்றரை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. புரொசசர் தனக்குள் காட்டும் வாட்ஸையும் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்துக் குறித்தேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேமை ஃபிரேமுக்கு, அதாவது ஒரு செக்கனில் திரைக்கு வரும் படங்களுக்கு, எல்லை வைக்காமல் ஓடவிட்டபோது 7600 ஏறக்குறைய 60 தொடக்கம் 70 வாட்ஸ், 14600கே நூறை ஒட்டி, 12400எஃப் ஐம்பது சொச்சம். இதோடு முடிவெடுத்தால் 14600கேக்கு அநியாயம். வேகமான புரொசசர் கூட ஃபிரேம்களைத் தயாரிக்கிறது, கூட வேலைக்குக் கூட மின்சாரம் போகத்தான் செய்யும். எல்லாவற்றையும் 144 ஃபிரேமில் கட்டிவிட்டு மீண்டும் பார்த்தபோது 14600கே அறுபதுக்குள் இறங்கியது, 7600 நாற்பத்தைந்தை ஒட்டி நின்றது. வித்தியாசம் பத்துப் பதினைந்து வாட்ஸ்தான். கேம் ஒப்பீடு எதைப் பார்த்தாலும் ஃபிரேம் எல்லை வைத்து அளந்ததா என்று முதலில் பாருங்கள்.

சும்மா நிற்கும்போது கதை தலைகீழ். 14600கே பத்து வாட்ஸ் அளவில் கிடக்க, 7600 இருபத்தைந்தை விட்டு இறங்க மறுத்தது. காரணம் அதன் அமைப்பு. ஒரே மூடிக்குக் கீழே கணக்குப் போடும் கோர்கள் உள்ள 5 நானோமீற்றர் சில்லு ஒன்று, ராமையும் மற்ற இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும் 6 நானோமீற்றர் சில்லு இன்னொன்று. கோர்கள் உறங்கினாலும் இரண்டாவது சில்லும் இரண்டுக்கும் இடையிலான தொடர்பும் விழித்தே இருக்கும்.

தம்பி ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் படிப்பு, வீடியோ என்று வைத்திருப்பான், இரண்டு மணித்தியாலம் விளையாடுவான். சும்மா நிற்கையில் 7600க்கு 15 வாட்ஸ் கூட என்றால் ஆறு மணித்தியாலத்தில் 90 வாட் மணி. எல்லையில்லாமல் விளையாடும்போது அதில் 35 வாட்ஸ் மிச்சம் என்றால் இரண்டு மணித்தியாலத்தில் 70. மாதத்துக்கு 2.7 யூனிட் போக 2.1 யூனிட் வருகிறது. கரண்ட் பில்லைப் பார்த்து இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய ஒரு காரணமும் இல்லை.

தீர்மானிப்பது சூடுதான். எல்லாக் கோரும் ஓடும் சினிபென்ச் சோதனையில் மச்சானின் 14600கே 181ஐத் தொட்டது. அவரிடம் உயரமான டவர்க் குளிரூட்டி இருப்பதால் தாங்கியது, 47 மில்லிமீற்றரில் அதை நினைக்கவே ஏலாது. 7600கூட 88 வாட்ஸில் என்னுடைய பெட்டிக்குள் அதன் உச்சமான 95 பாகைக்கே போனது. மதர்போர்ட்டின் செட்டிங்ஸ் இருக்கும் பயோஸில் எல்லையை 60 வாட்ஸுக்கு இறக்கி, வோல்ற்றேஜைக் குறைக்கிற கேர்வ் ஒப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் கழித்தல் 20 கொடுத்தேன். வெப்பம் எண்பதை ஒட்டி நின்றது. சினிபென்ச் புள்ளி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விழுந்தது, கேமில் மாற்றமே தெரியவில்லை. மேல் நுனியில் கொஞ்ச வேகத்துக்காக வோல்ற்றேஜ் கனக்க ஏறுகிறது. செலவாகும் மின் வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு கூடுவதால் நுனியை வெட்டினால் லாபம் பெரிது.

வாட்ஸ் மட்டும்தான் பார்ப்பேன் என்பவருக்கு மூன்றிலும் நல்லது 12400எஃப். நான் 7600ஐ வைத்துக்கொண்டதற்குக் காரணம் அது மதர்போர்ட்டில் பூட்டுகிற ஏஎம்5 சொக்கெற். 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, பிறகு புரொசசரை மட்டும் மாற்றலாம். கார்ட் பழுதானாலும் 7600இல் உள்ள சின்ன கிராபிக்ஸில் திரை வரும். 12400எஃப்பில் அது இல்லை.

இப்போது விளையாடும்போது சுவர் மீற்றர் 220 வாட்ஸ் அளவு காட்டுகிறது. 650 விஏ யூபிஎஸ் தாங்கும், ஆனால் உள்ளே இருப்பது 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றரி ஒன்றுதான். கரண்ட் நின்றால் கேமைச் சேமித்துவிட்டு நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். 60 ஃபிரேமில் கட்டினால் மொத்தம் 150க்கு இறங்குகிறது. அடுத்தது 4060இன் வோல்ற்றேஜைக் குறைப்பது. அதன் 115 வாட்ஸ் தொண்ணூறுக்கு வந்தால் பெட்டியின் பக்க ஃபானை மெதுவாக ஓடவிடலாம், கிரவல் றோட்டுத் தூசியும் குறைவாக உள்ளே வரும்.